‘புவியியலாளர் தேவை’ என்று விளம்பரம் வராது

மகள் புவியியல் பட்டம் படிக்கப் போகிறேன் என்றதுமே வேலைவாய்ப்புத் தளங்களில் ‘புவியியல்’ என்று தட்டிப் பார்த்திருப்பீர்கள். ஆசிரியர் பணியைத் தவிர அதிகம் அகப்பட்டிருக்காது. வேலை இருக்கிறது, வேறு பெயரில் இருக்கிறது. ஜிஐஎஸ் அனலிஸ்ட், ரிமோட் சென்சிங் அனலிஸ்ட், வெள்ள அபாய மதிப்பீடு, நகரத் திட்டமிடல் உதவியாளர், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, போக்குவரத்துத் திட்டமிடல் என்று தேடிப் பாருங்கள். (ஜிஐஎஸ் என்பது இடம் சார்ந்த தரவை வரைபடமாக்கி ஆராயும் கணினி முறை, ரிமோட் சென்சிங் என்பது செயற்கைக்கோள் படங்களைப் போன்றவற்றைக் கொண்டு தொலைவிலிருந்தே நிலத்தை அறிவது.) கிடைக்கும் விளம்பரங்களில் பத்தை எடுத்து, அவற்றில் கேட்கும் திறன்களை மட்டும் ஒரு தாளில் மகளையே எழுதச் சொல்லுங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறதோ, பட்டம் முடிவதற்குள் அது கைக்கு வந்திருக்க வேண்டும்.

சில குழப்பங்களை முதலிலேயே தீர்த்துவிடலாம். புவியியல் வேறு, பாறைகளையும் கனிமங்களையும் படிக்கும் நிலவியல் வேறு. சுரங்க, எண்ணெய் நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்பது இரண்டாவதை. வானிலை முன்கணிப்புக்குக் கணிதமும் இயற்பியலும் பலமாக வேண்டும். நகரத் திட்டமிடலில் உதவியாளரைத் தாண்டி மேலே போகப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் கேட்பார்கள்.

“கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு ஜிஐஎஸ் மென்பொருளைக் கற்றுக்கொண்டால் போதாதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஒரு ஏரி சுருங்கிவிட்டதா என்று கண்டுபிடிக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். 1972இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2015 முதல் வரும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம்தான். இரண்டையும் இறக்கி, நீரை மட்டும் பிரித்தெடுத்துப் பரப்பைக் கணக்கிடுவது மென்பொருளுக்குச் சில நிமிட வேலை. பழைய படத்தில் ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு கட்டம், தரையில் சுமார் 80 மீட்டர். புதியதில் 10 மீட்டர். 300 மீட்டர் அகலமுள்ள ஏரி பழைய படத்தில் குறுக்கே நாலே கட்டம், புதியதில் முப்பது. கரையோரக் கட்டம் ஒவ்வொன்றிலும் பாதி நீர், பாதி மண். அதை நீர்க் கணக்கில் சேர்த்தால் ஏரி பெருக்கும், விட்டால் சிறுக்கும். போதாக்குறைக்கு ஒரு படம் மழை ஓய்ந்த மாதத்திலும் மற்றது கோடைக் கடைசியிலும் எடுத்ததாக இருந்தால், வரும் விடை ஏரியைப் பற்றியதே அல்ல, பருவத்தைப் பற்றியது. இதைப் பார்த்ததும் சந்தேகப்படக் கற்றுத்தருவதுதான் புவியியல். மென்பொருளைப் பிறகு யாரும் கற்றுக்கொள்ளலாம். சந்தேகப்படும் கண் அவ்வளவு சுலபமாக வராது.

புதிதாக வேலைக்கு வருபவர்கள் சறுக்கும் இன்னோர் இடம் ப்ரொஜெக்ஷன், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையான வரைபடமாக மாற்றும் முறை. அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில் இருக்கும் தரவில் ‘500’ என்று கொடுத்து ஆற்றைச் சுற்றி எல்லை போடுவார்கள். அவர்கள் நினைத்தது 500 மீட்டர், கணினி எடுத்துக்கொண்டது 500 டிகிரி. உலகத்தின் முழுச் சுற்றே 360 டிகிரிதான்! இது உடனே கண்ணில் பட்டுவிடும். இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் மெர்காட்டர் என்ற ப்ரொஜெக்ஷனில் பரப்பளவைக் கணக்கிடுவது கண்ணில் படாது: 60 டிகிரி அட்சரேகையில் நிலம் உண்மையைவிட நான்கு மடங்காக வரும், எண் மட்டும் நம்பும்படியாக இருக்கும். வரைபடத் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்பது ஒரே கோப்பு அல்ல, ஒரே பெயருள்ள பல கோப்புகள். ப்ரொஜெக்ஷன் விவரம் உள்ள கோப்பை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் அனுப்பினால், பெறுபவர் கணினியில் ஊர் கடலுக்குள் போய் உட்காரும்.

முதல் ஆண்டிலேயே க்யூஜிஐஎஸ் என்ற ஜிஐஎஸ் மென்பொருளை நிறுவச் சொல்லுங்கள், இலவசம். லேப்டாப்பில் 8 ஜிபி ராம் இருந்தால் ஒப்பேற்றலாம், செயற்கைக்கோள் படங்களுக்கு 16 இருந்தால்தான் நிம்மதி. சென்டினல் படத்தின் ஒரு துண்டே ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். இரண்டாம் ஆண்டில் புள்ளியியலைப் பயப்படாமல் எடுக்கட்டும், கூடவே தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டெடுக்கும் மொழியான எஸ்க்யூஎல், கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி. மூன்றும் சேர்ந்தால்தான் சம்பளம் நகரும். கட்டடத்தையும் சாலையையும் படத்தின் மேல் கோடிழுத்துக் கொடுக்கும் டிஜிட்டைசிங் வேலை சீக்கிரம் கிடைக்கும். அதிலேயே தங்கிவிடுவதுதான் ஆபத்து. அந்த வேலையைக் கணினியே செய்யத் தொடங்கிவிட்டது.

எல்லோரும் கணினி முன் உட்கார வேண்டும் என்பதில்லை. மக்கள்தொகை, இடப்பெயர்வு, நகரம் என்று மனிதப் புவியியலில் ஈடுபாடு இருந்தால் ஆய்வு, வளர்ச்சித் துறைத் தொண்டு நிறுவனங்கள், இதழியல் பக்கம் போகலாம். அங்கும் கேள்வித்தாள் தயாரித்து, களத்துக்குப் போய், வந்த எண்களைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். ஜிஐஎஸ் என்று ஒரு தாள் இருப்பது போதாது. அதற்கு எழுத்துத் தேர்வா, வரைபடம் செய்து சமர்ப்பிப்பதா? ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு எத்தனை மாணவர்? களப்பயணத்தில் அளவெடுக்கிறார்களா, சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறார்களா? திறந்தவெளியில் கைப்பேசி ஜிபிஎஸ் காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் தள்ளி இருக்கலாம். பத்து மீட்டர் அகல மனையை அதைக்கொண்டு அளக்கக் கூடாது என்பது களத்தில் நின்றால்தான் உறைக்கும்.

முடிந்தால் துறையில் இறுதியாண்டு மாணவர் செய்த ஒரு வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நிறங்களை விட்டுவிட்டு அதன் மூலையைப் பாருங்கள். அளவுகோல், தரவு எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியுடையது, எந்த ப்ரொஜெக்ஷன், இந்த நான்கும் அங்கே இருக்கின்றனவா?