சூடானதும் சிக்னலில் நின்றுபோகும் மாருதி 800: எதை மாற்றுவது?

கேள்வி: என்னுடையது 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. வெயில் ஏறியபின் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டி சிக்னலில் நின்றால் இன்ஜின் அணைந்துவிடுகிறது. உடனே செல்ஃப் அடித்தால் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. பிளக், ஏர் ஃபில்டர் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். பலன் இல்லை. வீட்டிலேயே சரிசெய்ய ஆசை. அடுத்து எதை மாற்றலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். சூட்டில் வரும் குறையை ஆறிய இன்ஜினில் தேடினால் கிடைக்காது. வண்டி நின்றுபோன அந்த ஐந்து நிமிடத்துக்குள் சோதித்தால்தான் உண்டு.

அதற்காக நடுரோட்டில் நிற்க வேண்டியதில்லை. நல்ல வெயிலில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து, வீட்டு வாசலில் பானெட்டை மூடியபடி ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், ஓடவிடுங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மூடிய ஷெட்டுக்குள் மட்டும் இதைச் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. 0.8 மில்லிமீட்டர் இடைவெளி வைத்த பழைய பிளக் ஒன்று, இரண்டு பக்கமும் கிளிப் உள்ள ஒயர், மல்டிமீட்டர், ஈரத்துணி, ஒரு கிலோ பவுடர் தீயணைப்பான் ஆகியவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்றும் கவனியுங்கள். அது ஓடாவிட்டால் பானெட்டுக்குள் எல்லாமே கொதிக்கும், மீதிச் சோதனை வீண்.

வண்டி நின்றதும் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, அடுத்த செல்ஃபில் பிடித்தால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. துளையைச் சுத்தம் செய்தால் வேலை முடிந்தது.

அது இல்லையென்றால் ஸ்பார்க்கைப் பாருங்கள். பெட்ரோல் லைனைத் தொடுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, பழைய பிளக்கை அதில் செருகி, பிளக்கின் இரும்பு உடலைக் கிளிப் ஒயரால் இன்ஜினோடு இணைத்து, கார்புரேட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். இன்னொருவர் செல்ஃப் அடிக்கும்போது நீலமாக, 'சட் சட்' என்று சத்தத்தோடு பொறி வர வேண்டும்.

மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ, பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில் மீது சந்தேகம் வைக்கலாம். சாவியை ஆஃப் செய்து, காயிலின் ஒயர்களைக் கழற்றி, இரண்டு சிறிய முனைகளுக்கிடையே ஓம் அளவு எடுங்கள். இதே அளவை மறுநாள் காலையில் ஆறிய நிலையிலும் எடுங்கள். செம்புக் கம்பி சூடாகும்போது ஒரு டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் தடை கூடும் என்பதால், காலையில் 3 ஓம் காட்டியது மதியம் 3.6 காட்டுவது இயல்பு. எண் நிலையில்லாமல் ஆடினாலும், இணைப்பே அறுந்ததுபோல் காட்டினாலும் காயில் போய்விட்டது. அளவு சரியாக இருந்தும் பொறி மெலிந்தால், பாயின்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச்) உள்ள வண்டியில் அடுத்த சந்தேகம், அந்தப் பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டென்சர். பாயின்ட் முகம் கருநீலமாகக் கருகியிருப்பது அதன் அடையாளம். பாயின்ட் இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும்.

ஆனால் கெட்டுப்போகும் காயில் சிக்னலுக்காகக் காத்திருக்காது. அறுபதில் போகும்போதும் மிஸ் அடிக்கும். ஐடிலிங்கில் மட்டும் நிற்கிறது என்று நீங்கள் சொல்வதால், பெட்ரோல் பக்கம்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

ஸ்பார்க் நன்றாக இருந்தால், சாவியை ஆஃப் செய்து ஏர் கிளீனர் மூடியைக் கழற்றுங்கள். கார்புரேட்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபடி ஆக்ஸிலேட்டர் லீவரைக் கையால் இழுங்கள். மெல்லிய நூல்போல் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் அறையான ஃப்ளோட் சேம்பரின் சிறிய கண்ணாடி வழியே தெரியும் பெட்ரோல் மட்டம் நடுக்குறிக்கு நேராக இருக்க வேண்டும்.

பீய்ச்சவே இல்லை, கண்ணாடியும் காலி என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. இந்த வண்டியில் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருப்பதால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகி பம்ப் வெறும் ஆவியை இழுக்கும். பம்ப் மீதும் அதற்குப் போகும் ஹோஸ் மீதும் ஈரத்துணி போட்டு மூன்று நிமிடம் விடுங்கள். உடனே பிடித்தால் ஆவி அடைப்பு என்பது உறுதி. ஹோஸ் சைலன்சர் குழாய்க்கு அருகே சாய்ந்திருக்கிறதா, பம்ப்புக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த இன்சுலேட்டர் இருக்கிறதா, டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸ் மடங்கி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் லைனைப் பலரும் பார்ப்பதே இல்லை.

செல்ஃப் அடிக்காமலே தொண்டைக்குள் பெட்ரோல் சொட்டி, வாசனை தூக்கலாக இருந்தால் கதை நேர் எதிர். சேம்பர் சூட்டில் கொதித்து வழிகிறது, அல்லது சேம்பர் நிறைந்ததும் பெட்ரோலை நிறுத்த வேண்டிய நீடில் வால்வு மூடவில்லை. ஏர் கிளீனர் மூடியை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்து வைத்துக்கொண்டு (பம்ப் அடிக்காமல்) செல்ஃப் அடித்தால் கரும்புகையோடு பிடிக்கும். கார்புரேட்டருக்கும், கலவையை இன்ஜினுக்குள் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள இன்சுலேட்டர் விரிசல் விட்டிருக்கிறதா, சுத்தம் செய்தபோது பழைய கேஸ்கெட்டையே திரும்ப வைத்தீர்களா என்று பாருங்கள்.

மூன்றாவது வகையில் பெட்ரோல் சரியாகப் பீய்ச்சும். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் அணையும். இங்கே, ஐடிலிங் பெட்ரோலைத் திறந்து மூடும் மின்வால்வான ஐடில் சாலினாய்டைப் பாருங்கள். ஒற்றை ஒயர் செருகிய, கட்டைவிரல் அளவு உருளை அது. மற்றவர் சாவியை ஆன் செய்யும்போது அதன்மேல் விரல் வைத்தால் 'டிக்' என்று தட்டுவது தெரிய வேண்டும். ஆறியபோது தட்டி, சூட்டில் தட்டாவிட்டால் அதை மாற்றுங்கள். அது சரியென்றால், ஐடிலிங் பெட்ரோல் போகும் சிறு துளையுள்ள பித்தளைத் துண்டான ஐடில் ஜெட்டைக் கழற்றிக் காற்றடியுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகி, பிறகு எந்த ட்யூனிங்கும் நிற்காது.

ஐடிலிங் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். முதலில் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்கார்ந்தது என்று எழுதிவையுங்கள். இறுக்கினால் ஊசி முனை தழும்பாகும். எழுதிய இடத்துக்கே திரும்பி, அங்கிருந்து கால் சுற்றாக நகர்த்துங்கள். இன்றைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு இது கொஞ்சம் வெளியே இருக்க வேண்டிவரும். சாதாரண பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், இந்தக் கலவைக்கு 13.5 போதும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்‌ஷன் வண்டி தானே கணக்கைத் திருத்திக்கொள்ளும். உங்கள் கார்புரேட்டர் பழைய கணக்கிலேயே ஊற்றும், கலவை வறண்டு ஐடிலிங் தள்ளாடும்.

எத்தனால் பழைய ரப்பரையும் ஊறவைத்துப் பிளக்கும். எரிபொருள் ஹோஸ்களை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் எத்தனால் தாங்கும் ஹோஸாக வாங்கி, புதுக் கிளாம்ப்போடு மாட்டுங்கள். அதற்குமுன் இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொருளை மாற்றி, அதே வழியில் அதே மதிய நேரத்தில் இரண்டு நாள் ஓட்டுங்கள். மாற்றம் இல்லையென்றால் பழையதையே மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரே நாளில் மூன்றை மாற்றினால், எது குறை என்று கடைசிவரை தெரியாது.

இதெல்லாம் தொடங்கும் முன் இன்றைக்கே ஆயில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் ஊற்றாமலே ஏறியிருந்தாலோ பம்ப்புக்குள் உள்ள ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்து பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்குகிறது. அப்படியென்றால் சோதனை ஓட்டம்கூட வேண்டாம். பம்பையும் ஆயிலையும் மாற்றிய பிறகே சாவியைத் திருப்புங்கள்.