உயிர் இரசாயனவியல் படிக்க மனப்பாடம் போதுமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, தமிழ் மொழிமூலம் படித்தேன். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். இரசாயனவியலையும் உயிர் இரசாயனவியலையும் சேர்த்துப் படிக்க ஆசை. ஆனால் பாடமாக்க வேண்டியது இரட்டிப்பாகும் என்கிறார்கள். கணிதமும் ஆங்கிலமும் பயமாக இருக்கிறது. தொடங்கும் முன் என்ன செய்யலாம்?"

மகள், உங்களைப் பயமுறுத்தியவர்கள் உயிர் இரசாயனவியலை ஒரு பெயர்ப் பட்டியலாகப் படித்தவர்களாக இருக்க வேண்டும். அப்படிப் படித்தால் சுமைதான். சேதன இரசாயனத்தின் தொடர்ச்சியாகப் படித்தால் பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

உயர்தரத்தில் காபனைல் கூட்டம், அதாவது ஒட்சிசனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் காபன், படித்தீர்கள். அதன் காபன் அணுவில் இலத்திரன் குறைவு, இலத்திரன் சோடியைக் கொடுக்கும் கருநாடி அங்கேதான் வந்து தாக்கும். நம் குடலில் டிரிப்சின் என்ற நொதியம் புரதத்தை வெட்டுவதும் இதே கதைதான். நொதியத்தில் இருக்கும் செரீனின் ஒட்சிசன் கருநாடியாகி, பெப்தைட்டுப் பிணைப்பின் காபனைல் காபனைத் தாக்குகிறது. இரண்டு காபனைல் சேர்வைகள் ஒன்றாக இணையும் அல்டோல் ஒடுக்கமும் படித்தீர்கள்தானே? குளுக்கோசு உடையும் பாதையில் அல்டோலேசு என்ற நொதியம் ஆறு காபன் சீனியை, மூன்று காபன் கொண்ட இரண்டு துண்டுகளாகப் பிரிக்கிறது. அது அல்டோல் தாக்கத்தின் மறுதலை. அந்தப் பாதையில் பத்துப் படிகள் உண்டு. பத்துப் பெயர்களையும் ஒப்புவிப்பதை விட, ஒவ்வொரு படியிலும் எந்தப் பிணைப்பு உடைகிறது, எது உருவாகிறது என்று இலத்திரன் நகரும் திசையைக் காட்டும் வளைந்த அம்புகள் போட்டு வரையுங்கள். மூன்று தரம் வரைந்தால் பெயர்கள் தாமாகவே மனதில் தங்கும்.

இதற்கு நம் ஊர்த் தயிர்ச் சட்டியை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பாலின் பி.எச். ஏறத்தாழ 6.7. அப்போது கேசீன் புரதத் துணிக்கைகள் மறை ஏற்றத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. உறைமோர் விட்டதும் பற்றீரியா பால்வெல்லத்தை இலற்றிக் அமிலமாக்கும். பி.எச். 4.6 அளவுக்கு இறங்கும்போது கேசீனின் நிகர ஏற்றம் பூச்சியமாகிவிடுகிறது. தள்ளுவதற்கு ஒன்றுமில்லாததால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன. அதுதான் தயிர். இலற்றிக் அமிலத்தின் பி.கே.ஏ., அதாவது அமிலத்தில் பாதி அயனாக மாறியிருக்கும் பி.எச்., 3.86. தாங்கற் கரைசல் சமன்பாட்டின்படி 4.6இலிருந்து அதைக் கழித்தால் 0.74, முரண்மடக்கை எடுத்தால் அயனுக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 5.5. அதாவது உறைந்த தயிரில் ஒரு பங்கு அமிலத்துக்கு ஐந்தரைப் பங்கு இலற்றேற்று அயன் இருக்கிறது. தாங்கற் கரைசல் கணக்கு, அமினோ அமிலங்களின் ஏற்றம், நொதித்தல் மூன்றும் ஒரே சட்டிக்குள். முதல் ஆண்டில் இந்த மூன்றும் வெவ்வேறு விரிவுரைகளில் வரலாம். சேர்த்துப் பார்க்கும் வேலை உங்களுடையது.

கணிதத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உயிர் இரசாயனப் பகுதிக்கு மடக்கை, விகிதம், நேர்கோட்டு வரைபு போதும். மைக்கேலிசும் மென்டனும் 1913இல் தந்த நொதியச் சமன்பாட்டைத் தலைகீழாக்கி எழுதினால் நேர்கோடு கிடைக்கும். சாய்வும் வெட்டுத்துண்டும் சாதாரண தரத்திலேயே படித்தவை. ஆனால் பௌதிக இரசாயனம் அப்படி விடாது. தாக்கவீதத்துக்கும் வெப்பவியக்கவியலுக்கும் வகையீடும் தொகையீடும் வேண்டும். உயிரியல் பிரிவிலிருந்து வரும் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் இதுதான். இந்த மாதங்களில் ஒரு கணிதப் பிரிவுத் தோழியைப் பிடித்து எளிய சார்புகளின் வகையீட்டையும், எக்ஸின் கீழ் ஒன்றின் தொகையீட்டையும் பழகிவிடுங்கள். ஒரு மாதம் போதும்.

ஆங்கிலத்துக்கு என் யோசனை கொஞ்சம் வித்தியாசமானது. இலக்கணப் புத்தகம் வேண்டாம். நீங்கள் செய்து முடித்த உயர்தர இரசாயனவியல் வினாத்தாள்களின் ஆங்கிலப் பிரதியை எடுங்கள். தமிழ்த் தாளில் இருக்கும் அதே கேள்விகள்தான். விடை தெரிந்த கேள்வி என்பதால் சொல்லுக்குப் பயப்படத் தேவையில்லை. கொப்பியில் ஒரு பக்கம் நியமிப்பு, எதிரே டைட்ரேஷன். ஒரு பக்கம் தாங்கற் கரைசல், எதிரே பஃபர் என்று எழுதி வாருங்கள். ஐந்து ஆண்டுத் தாள்களை இப்படி முடித்தால் முதல் வார விரிவுரையில் திகைத்து உட்கார மாட்டீர்கள்.

செய்முறை வகுப்புப் பற்றி ஒன்று மட்டும். அளவீட்டைத் துண்டுக் கடதாசியில் எழுதிப் பிறகு பிரதி பண்ணாதீர்கள், நேரே கொப்பியில் பேனையால் எழுதுங்கள். பிழைத்தால் ஒற்றைக் கோடு போட்டு வெட்டுங்கள், அழிக்க வேண்டாம்.

பாடத் தெரிவுக்கு, பீடத்தின் கையேட்டை வாங்கி இரசாயனவியல் துறையின் பாட அலகுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். உயிர் இரசாயனவியல் தனிப் பாடமாக இல்லாவிட்டாலும், புரதம், நொதியம், அனுசேபம் (உடலுக்குள் நடக்கும் இரசாயன மாற்றங்கள்) என்ற தலைப்புகள் எந்த ஆண்டில் வருகின்றன, அதற்கு முன் எதை முடித்திருக்க வேண்டும் என்று குறித்து வையுங்கள். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு எடுக்கும்போது முந்தைய ஆண்டுகளின் பெறுபேறுகளைப் பார்ப்பார்கள். அதனால் சிறப்புப் பட்டத்தில் ஆசை இருந்தால் முதலாம் ஆண்டு பௌதிக இரசாயனத்தைத் தள்ளிப் போடாதீர்கள். சரி, வகையீட்டை இன்றைக்கே தொடங்குங்கள்.