ஹாலில் 94, மாடியில் 8: பிளானை ஏற்றினால் தீருமா?

கேள்வி: எங்களுடையது மதுரையில் கான்கிரீட் தளம் போட்ட மாடி வீடு. 200 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளான். இணைப்புக்காரர்கள் வைத்த ஓஎன்டி பெட்டியிலிருந்து (வெளியிலிருந்து வரும் ஃபைபர் முடியும் பெட்டி) ஒரு கேபிள் எடுத்து, ஏற்கனவே என்னிடம் இருந்த 'ஏசி1200' ரவுட்டரில் செருகியிருக்கிறேன். ரவுட்டர் கீழே ஹாலில், பீரோவுக்கும் டிவிக்கும் நடுவில். ஹாலில் ஸ்பீடு டெஸ்ட் 94ஐத் தாண்டியதே இல்லை. மாடி அறையில் 8 அல்லது 10. சாயங்காலம் ஆபீஸ் வீடியோ காலில் குரல் விட்டு விட்டு வருகிறது. கடைக்காரர் ரிப்பீட்டர் வாங்கச் சொல்கிறார். கஸ்டமர் கேரில் 300 பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள். எதைச் செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஹாலில் வரும் 94, மாடியில் வரும் 8, விட்டு விட்டு வரும் குரல் மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். 300 பிளானுக்கு மாறினாலும் ஹாலில் அதே 94தான் வரும். மாடியிலும் அதே 8தான்.

முதலில் 94. இந்த எண்ணைப் பார்த்ததுமே சந்தேகப்பட வேண்டியது கேபிளையும் போர்ட்டையும்தான். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் வழியாகப் போகும் எந்த இணைப்பும் டெஸ்ட்டில் 93, 94, 95 என்றே நிற்கும். ஒரு முழு ஃபிரேம், அதாவது ஒரு தரவுப் பொட்டலம், கம்பியில் போக, முகவரி, பிழைச் சரிபார்ப்பு, ஃபிரேம்களுக்கு இடையிலான இடைவெளி எல்லாம் சேர்த்து 1,538 பைட்டுக்கான நேரம் பிடிக்கிறது. அதில் உங்கள் தரவு அதிகபட்சம் 1,460 பைட். நூற்றுக்கு 94.9. வேறு சில்லறைச் சேர்க்கைகள் போக 94 சொச்சம். வைஃபை பலவீனத்தால் வேகம் குறைந்திருந்தால் எண் 60க்கும் 130க்கும் இடையே ஆடிக்கொண்டிருக்கும். இப்படி ஒரே இடத்தில் ஆணி அடித்தாற்போல் நிற்காது.

காரணம் இரண்டில் ஒன்று. பெட்டியில் 1200 என்று போட்டிருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸின் 300ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867ஐயும் கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கிய எண். போர்ட்டின் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை; 1200 என்று விற்றும் போர்ட் வெறும் 100 ஆக உள்ள மாடல்கள் சந்தையில் நிறைய. மாடல் எண்ணைத் தேடி, போர்ட் விவரத்தில் '10/100' என்று இருக்கிறதா, '10/100/1000' என்று இருக்கிறதா பாருங்கள். 1000 என்று இருந்தும் 94தான் வருகிறதென்றால் கேபிளில் கோளாறு. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு, அதாவது 1000க்கு, எட்டும் வேண்டும். இன்ஸ்டால் செய்ய வந்தவர் அவசரத்தில் நான்கை மட்டும் முனையில் அழுத்திக் கிரிம்ப் செய்துவிட்டுப் போவது உண்டு. மீதி நான்கில் ஒன்று சரியாகக் கடிபடாமல் இருந்தாலும் இரு பெட்டிகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இணைய வசதி நிற்காது என்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆர்ஜே45 முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே நிறங்கள் தெரியும்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை இருக்க வேண்டும். குழப்பமாக இருந்தால் கடையில் ரெடிமேட் கேட் 6 பேட்ச் கார்டு ஒரு மீட்டர் வாங்கி மாற்றிவிடுங்கள்.

சோதித்து உறுதி செய்ய, கிகாபிட் போர்ட் உள்ள லேப்டாப்பை நேராக ஓஎன்டியில் கேபிளால் இணைத்து டெஸ்ட் செய்யுங்கள். 190க்கு மேல் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, குறை வீட்டுக்குள்தான். (லாகின் விவரம் ஓஎன்டியில் இல்லாமல் ரவுட்டரில் போடப்பட்டிருந்தால் நேராக இணைத்தால் நெட் வராது. அப்போது நிறுவனத்தாரிடம் சொல்லி ஓஎன்டியிலேயே போடச் சொல்லுங்கள். கீழே சொல்லப்போகும் ஏற்பாட்டுக்கும் அதுதான் தேவை.)

இனி மாடிக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டு, மாடியில் நீங்கள் உட்காரும் நாற்காலியிலேயே வைத்து சிக்னலைப் பாருங்கள். அது டிபிஎம் என்ற அளவில் காட்டும்; பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 டிபிஎம் என்றால் அருமை. வீடியோ காலுக்கு மைனஸ் 67வரை நம்பலாம். மைனஸ் 75க்குக் கீழே போனால் இணைப்பு பெயருக்குத்தான். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சக்தி பாதியாகிறது, 10க்குப் பத்தில் ஒன்றாகிறது. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை இதைவிட அதிகமாகவே விழுங்கிவிடும். அதனால்தான் மாடியில் போன் தானாக 2.4க்கு இறங்கியிருக்கும். பீரோ இன்னும் மோசம்: இரும்புத் தகடு சிக்னலை ஊடுருவ விடாமல் திருப்பி அனுப்பிவிடும். நிலைக்கண்ணாடியின் பின்பூச்சும் அப்படித்தான். ரவுட்டரை அங்கிருந்து எடுத்து, மாடிப்படி தொடங்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு வையுங்கள். படிக்கட்டுத் திறப்பு வழியாகச் சிக்னல் ஏற இடம் கிடைக்கும்.

ஆன்டெனாவைப் பற்றி ஒரு வார்த்தை. நேராக நிற்கும் ஆன்டெனாவின் சிக்னல் உளுந்து வடையைக் குச்சியில் கோத்தது மாதிரி பக்கவாட்டில்தான் பரவும். குச்சியின் நுனி காட்டும் திசையில், அதாவது தலைக்கு மேலே, மிகக் குறைவு. நான்கையும் நட்டுவைத்தால் மாடிக்குக் கிடைப்பது மிச்சம் மீதிதான். இரண்டைக் கிடைமட்டமாகச் சாய்த்துப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை, சில டெசிபல் கூடலாம்.

2.4இல் சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்றை வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். பக்கத்து வீடுகள் 6இல் இருப்பதால் நாம் 4க்கோ 8க்கோ போனால் தப்பிக்கலாம் என்று பலரும் செய்கிறார்கள். அது நிலைமையைக் கெடுக்கும். ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றொன்று புரிந்துகொண்டு முறை வைத்துப் பேசும். பாதி மேலே விழும் சேனலில் பக்கத்து ரவுட்டர் உங்களுக்கு வெறும் இரைச்சல். 40 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 300 என்ற எண் கிடைக்கும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை நிறைந்த தெருவில் கையில் கிடைக்கும் வேகம் பெரும்பாலும் குறையவே செய்யும்.

இதையெல்லாம் செய்தால் 8 என்பது 25, 30 ஆகலாம். அதற்கு மேல் வேண்டுமானால் மாடிக்கு ஒரு கேபிள் இழுப்பதைவிடச் சிறந்த வழி கிடையாது. ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும். மாடி அறையில் மைனஸ் 78 வரும் இடத்தில் செருகினால், அந்த மைனஸ் 78 இணைப்பைத்தான் அது பகிர்ந்து கொடுக்கும். போனில் முழுக் கோடுகள் தெரியும், வேகம் வராது. வாடகை வீடு, சுவரைத் தொட முடியாது என்றால் மட்டும் ரிப்பீட்டர்; அதையும் பாதி வழியில், மைனஸ் 65க்குள் சிக்னல் வரும் இடத்தில் மாட்டுங்கள். பல பெட்டிகளைச் சேர்த்து மெஷ் செட் என்று விற்பதும் இடையில் கேபிள் இல்லாவிட்டால் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பு கேட் 6 என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதும் அதே பெயரில், குறைந்த விலையில் கிடைக்கும். கம்பி நுனியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்துவிடும். அது கிரிம்ப் செய்த இடத்தில் ஒடியும், மின்தடையும் அதிகம். கரன்ட் வயர் போகும் அதே பைப்புக்குள் இதைத் திணிக்க எலக்ட்ரீஷியனை விடாதீர்கள். அது இரைச்சலைக் கூட்டுவதோடு நிற்காது, உயிருக்கும் ஆபத்து. தனி பைப்போ, சுவரோரம் கேசிங் பட்டியோ போதும். மொட்டை மாடி வழியாகச் சுற்றிக் கொண்டுவருவது சுலபமாகத் தோன்றும். ஆனால் வெயிலில் சாதாரண உறை வெடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் வெளியே ஓடும் செம்புக் கம்பி இரு முனையிலும் உள்ள போர்ட்டைப் பொசுக்க வாய்ப்புண்டு. வீட்டுக்குள்ளேயே, படிக்கட்டுச் சுவரோரம் இழுங்கள். 100 மீட்டர் வரை வேகம் குறையாது, உங்களுக்கு 20 மீட்டர்கூட ஆகாது.

மாடியில் வைக்கப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஓஎன்டியிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் கீழ்த்தளத்துக்கு அதையே பயன்படுத்திக்கொண்டு, இப்போதைய ரவுட்டரை மாடிக்கு அனுப்பிவிடுங்கள். (ஓஎன்டி 2.4 மட்டும் உள்ளதென்றால் ஹாலுக்குக் கிகாபிட் ரவுட்டர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.) போர்ட் 100 ஆக இருந்தாலும் ஓர் அறைக்கு 94 தாராளம். மாடிக்கு அனுப்பும் முன் லேப்டாப்பில் அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் லேன் முகவரியை மாற்றுங்கள்: ஓஎன்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. பிறகு டிஹெச்சிபியை (போன்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணையுங்கள். கீழிருந்து வரும் கேபிளை வான் போர்ட்டில் (இணையம் வரும் வாசல், பெரும்பாலும் நீல நிறம்) செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் சில போன்களுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது, அதுவும் நாளுக்கொரு விதமாக. கண்டுபிடிப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும். வான் போர்ட்டில் செருகினால் நெட் வரும், ஆனால் மாடியில் உள்ள போனிலிருந்து கீழே உள்ள பிரின்டரும் டிவியும் தெரியாது. இரண்டு பெட்டிக்கும் நடுவில் இரண்டாவது கேபிளைத் தவறிக்கூடப் போடாதீர்கள். செய்தி சுற்றிச் சுற்றி வந்து வீட்டு நெட்வொர்க் முழுக்க உறைந்துவிடும்.

இரண்டிலும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு. சேனல் மட்டும் வேறு: 2.4இல் கீழே 1, மேலே 11; 5இல் கீழே 36, மேலே 149. 2.4இன் டிரான்ஸ்மிட் பவரை இரண்டிலும் 'மீடியம்' ஆக்குங்கள். முழுச் சக்தியில் விட்டால், மாடிக்கு வந்த பிறகும் போன் கீழ்த்தள ரவுட்டரையே பிடித்துத் தொங்கும்.

கடைசியாக, வீடியோ காலில் குரல் அறுபடுவது. ஒரு வீடியோ காலுக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ் போதும், உங்களிடம் 8 இருக்கிறது. ஆகவே வேகத்தைவிடத் தாமதத்தைத்தான் பார்க்க வேண்டும். யாரோ ஒருவரின் போன் சத்தமில்லாமல் போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்கினால், பாதையின் மிகக் குறுகிய இடத்தில் பாக்கெட்டுகள் வரிசையில் தேங்கும். உங்கள் குரலும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். சாதாரண நேரத்தில் 10 மில்லி செகண்டாக இருக்கும் பிங் (ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரம்) 400, 500 ஆகிவிடும். இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். வரிசையைச் சுருக்கமாக வைத்திருக்கும் கோடெல் முறையை 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்டார்கள். ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை கொடுக்கும் அதன் அடுத்த வடிவமான எஃப்க்யூ-கோடெல், 2018இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது. ரவுட்டரில் 'எஸ்க்யூஎம்' என்று இருந்தால் அது இந்த வகைதான்; கேபிளில் அளந்த வேகத்தில் 90 சதவீதத்தை, உங்களுக்கு 180ஐ, அதில் போடுங்கள். மலிவான ரவுட்டரின் பிராசஸர் இந்த வேலையில் திணறி மொத்த வேகத்தையே இழுத்துவிடுவதும் உண்டு, அளந்து பார்த்து வையுங்கள்.

ஆனால் இப்போதே அதைப் போட்டுப் பயனில்லை. எஸ்க்யூஎம் காவல் காப்பது ஃபைபர் வாசலில். உங்கள் வீட்டில் குறுகிய இடம் ஹாலுக்கும் மாடிக்கும் நடுவிலுள்ள வைஃபை. கேபிள் இழுத்த பிறகு இதையும் சோதியுங்கள்: மாடி லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் விண்டோ திறந்து, ஒன்றில் ஓஎன்டியின் 192.168.1.1க்கும் மற்றொன்றில் வீட்டுக்கு வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8க்கும் பிங் ஓடவிட்டு, போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை அப்லோடு செய்யுங்கள். முதல் பிங்கும் சேர்ந்து எகிறினால் குறை இன்னும் வீட்டு வைஃபையில்தான். முதலாவது 5க்குள் நின்று இரண்டாவது மட்டும் எகிறினால் எஸ்க்யூஎம்முக்கு வேலை வந்துவிட்டது.

எந்த அப்லோடும் ஓடாதபோதே இரண்டாவது மட்டும் தினமும் இரவு 8 மணிக்கு மேல் ஏறி, விடிந்ததும் சரியானால் நெரிசல் நிறுவனத்தின் பக்கம். ஓஎன்டி பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' (ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு) எவ்வளவு என்றும் பாருங்கள்: ஜிபான் வகை ஃபைபர் இணைப்புக்கு மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் வரை எல்லை; மைனஸ் 25ஐத் தாண்டி எல்லையை நெருங்கினால் எங்கோ மடிப்போ அழுக்கோ இருக்கிறது. கதவிடுக்கில், பீரோவுக்குப் பின்னால் நசுங்கிய ஃபைபர்தான் வழக்கமான குற்றவாளி. நுனியைக் கழற்றிக் கண்ணருகே பார்க்கக் கூடாது, லேசர் கண்ணுக்குத் தெரியாது. காலை 7 மணிக்கும் இரவு 9 மணிக்கும் கேபிளில் எடுத்த டெஸ்ட் படங்களையும் இந்த ஆர்எக்ஸ் எண்ணையும் இணைத்துப் புகார் கொடுங்கள். 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்' என்பதோடு பேச்சை முடிக்க அவர்களால் முடியாது.