மகமூது கவான் எப்படி அவ்வளவு அதிகாரத்துக்கு வந்தார்?

வியாபாரியாக வந்த வெளிநாட்டுக்காரர், ஆட்டம் கண்டுகொண்டிருந்த தக்காணத்துப் பாமினி அரசில் எப்படி வசீர், அதாவது தலைமை அமைச்சர், ஆனார் என்று கேட்டிருக்கிறீர்கள். பரீட்சைக்காக இருக்கலாம். எனக்கென்னவோ உங்கள் ஆபீசிலும் யாரோ வெளியூர்க்காரர் கிடுகிடுவென்று ஏறுகிறார் என்று படுகிறது.

கவான் ஈரானின் கீலான் பகுதிக்காரர், 1453-ல் பாமினித் தலைநகரான பீதருக்கு வந்தார். அரண்மனையில் உள்ளூர்க்காரர்களான தக்காணிகள் ஒரு கட்சி, கடல் தாண்டி வந்த ஆஃபாக்கிகள் இன்னொரு கட்சி. 1461-ல் சுல்தான் ஹுமாயூன் இறந்தபோது பட்டத்துக்கு வந்தது சின்னப் பையன். ராணியம்மாவுக்குக் கணக்கும் தெரிந்து படையும் நடத்தத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது, கவான் இருந்தார், அவ்வளவுதான். 1472-ல் கோவாவையும் பிடித்தார். அப்புறம் நான்கு மாகாணங்களை எட்டாக உடைத்து, ஒரு தரஃப்தார் (மாகாண ஆளுநர்) கையில் ஒரே கோட்டைதான் என்றார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எனக்கு இது ஏன் சுடுகிறது என்றால், நானும் திருநெல்வேலியிலிருந்து கோயம்புத்தூர் போய் ஒரு ஜவுளி மொத்தக்கடையில் பில் போடும் பையனாகச் சேர்ந்து ஆறே வருஷத்தில் மேனேஜர் ஆனவன். பெரியவர் போனபின் மகன் கல்லாவில் உட்கார்ந்தார், கணக்கெல்லாம் என் தலையில். மூன்று குடோன் சாவியும் ஒருவரிடமே இருந்ததை மாற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன், மாதாமாதம் இருப்பு எண்ணச் சொன்னேன். நாலு மாதம் கழித்து எங்கள் விலைப்பட்டியலோடு ஒரு கடிதம் போட்டிக் கடைக்குப் போயிருந்தது. கடை லெட்டர்பேட், கீழே ஊதா மையில் என் சீல், கொஞ்சம் சாய்வாக. நான் எப்போதும் நேராகக் குத்துகிறவன். முதலாளி அதையெல்லாம் பார்க்கவில்லை, சாவியை வைத்துவிட்டுப் போ என்றார். இரண்டு மாதச் சம்பளமும் அந்தத் தீபாவளி போனசும் இன்னும் வரவில்லை, அது வேறு கதை.

கவானுக்கும் இதேதான். தக்காணிக் கட்சிக்காரர்கள் அவர் முத்திரையை வைத்திருந்த ஆளைக் கைக்குள் போட்டு வெற்றுத் தாளில் குத்தி வாங்கி, ஒரிசா அரசருக்கு அவர் எழுதியதாக ஒரு துரோகக் கடிதம் தயார் செய்தார்கள். முத்திரை என்னுடையது, கடிதம் என்னுடையதல்ல என்றாராம். குடிபோதையில் இருந்த சுல்தான் விசாரிக்கவே இல்லை. 1481 ஏப்ரலில், எழுபது வயதில் தலை போயிற்று. அடுத்த வருஷமே சுல்தானும் போய்ச் சேர்ந்தார், பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் பீஜப்பூர், அகமதுநகர் என்று ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டார்கள்.

உடனே கிளம்பி வராதீர்கள், அவர் மகான் என்று நான் சொல்லவில்லை. அவர் தலை போன அந்த 1481 படையெடுப்பில்தான் காஞ்சி கொள்ளை போனது, தெரியும். ஆனால் பீதரில் அவர் கட்டிய மதரசாவுக்குப் போயிருக்கிறேன். முகப்பில் மிஞ்சி நிற்பது ஒரே ஒரு மினார், அதில் நீல ஓடுகள் அங்கங்கே உதிர்ந்துபோய்... அங்கே அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போது வேறு கடையில் இருக்கிறேன். சீல் மேசை டிராயரில் கிடையாது, சாப்பாட்டுப் பைக்குள் என்னோடு வீட்டுக்கு வந்துவிடும்.