வறுத்த கடலையும் இன்சுலினும்: எடை ஏன் நின்றுபோனது?

கேள்வி: வணக்கம் மேடம். வயது 46, கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். கிள்ளான் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றி வரும் லோரி ஓட்டுநர். உயரம் 168 செ.மீ., எடை 86 கிலோ. இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து நான்கு வருடம் ஆகிறது. அரசாங்க கிளினிக்கில் மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் கொடுக்கிறார்கள். "கலோரி கணக்கெல்லாம் பழைய கதை, இன்சுலின் ஏறாமல் பார்த்துக்கொண்டால் கொழுப்பு தானாகக் கரையும்" என்று யூடியூபில் ஒருவர் பேசியதைக் கேட்டு, மூன்று மாதமாகக் காலை உணவை நிறுத்திவிட்டேன். பகல் 2 மணிக்குத்தான் முதல் சாப்பாடு, அதிலும் சோறு பாதி. நடுவில் பசித்தால் வறுத்த நிலக்கடலை, நெய் போட்ட கோப்பி. முதல் மாதம் 4 கிலோ இறங்கியது. அப்புறம் அசையவே இல்லை. மனைவி கைப்பேசியில் எழுதி வைத்து ஒரு நாளைக்கு 1,200 கலோரி சாப்பிடுகிறார். காலையில் கிரீம் கிராக்கர் பிஸ்கட், மதியம் கப் மீ (கோப்பை நூடுல்ஸ்). அவருக்குக் குறைகிறது, ஆனால் சாயங்காலம் பசியில் யாரோடும் பேச முடிவதில்லை. எங்களில் யார் சொல்வது சரி? பாசுமதிக்கு மாறினால் சோற்றை முழுசாகச் சாப்பிடலாமா?

பதில்: எடையைப் பிறகு பேசுவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் கிளிக்லசைடு. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இவ்வளவு பதற மாட்டேன். அது தனியாக இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அரிது. கிளிக்லசைடு அப்படியல்ல. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பதுதான் அதன் வேலை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. காலையில் அதை விழுங்கிவிட்டு 2 மணி வரை வெறும் வயிற்றோடு நெடுஞ்சாலையில் லோரி ஓட்டுகிறீர்கள். இன்சுலின் ஏறக்கூடாது என்று நீங்கள் பட்டினி கிடக்கும் அதே நேரத்தில், இன்சுலினை ஏற்றும் மாத்திரை உடம்புக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல், திடீர்ப் பசி: இவற்றில் எது வந்தாலும் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். இரத்தச் சர்க்கரை 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். கடலை இதற்கு உதவாது, அதிலிருந்து சர்க்கரை இரத்தத்தில் சேர நேரமாகும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இந்த வாரமே கிளினிக்கிற்குப் போய், "நான் பகல் வரை சாப்பிடுவதில்லை" என்று சொல்லுங்கள். ரமலான் மாதத்தில் நோன்பிருப்பவர்களுக்கு மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக் கொடுப்பது நம் கிளினிக்குகளில் வழக்கமாக நடப்பதுதான். அதே ஏற்பாட்டை நீங்களும் கேளுங்கள். அதுவரை காலை உணவு கட்டாயம்.

இனி உங்கள் வீட்டு வாதத்துக்கு வருகிறேன். உடம்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கும் என்பதை முடிவு செய்வது கலோரிதான். இதில் உங்கள் மனைவி பக்கம் நிற்கிறேன். ஆனால் அந்தக் கலோரியை எந்தச் சாப்பாட்டில் வாங்குகிறோம் என்பதுதான் பசியையும், உங்களைப் போன்றவர்களுக்கு இரத்தச் சர்க்கரையையும் முடிவு செய்கிறது. அந்த இடத்தில் நீங்கள் பிடித்த நூல் சரியான நூல், இழுத்த திசைதான் மாறிவிட்டது.

இன்சுலின் ஏறியிருக்கும்போது கொழுப்பு செல்கள் கொழுப்பை வெளியே விடுவதில்லை என்பது உண்மை. சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரம் உடம்பு சேமிக்கும், பிறகு இன்சுலின் இறங்கியதும் செலவழிக்கும். தூங்கும்போது சேமிப்பிலிருந்து எடுத்துத்தான் மூச்சும் இதயமும் ஓடுகின்றன. ஆகவே மதியம் 3 மணிக்குக் கொழுப்பு செல்லின் கதவு மூடியிருந்ததா என்று பார்ப்பதில் பயனில்லை. 24 மணி நேரத்தில் உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இன்னொன்றையும் அந்தக் காணொளிகளில் சொல்வதில்லை. சாப்பாட்டிலுள்ள கொழுப்பு உடம்பில் போய்ச் சேர இன்சுலின் உச்சத்துக்கு ஏற வேண்டியதே இல்லை. வெறும் வயிற்றில் இருக்கும் அளவு இன்சுலினே அதற்குப் போதும். நெய்க் கோப்பி இன்சுலினை அவ்வளவாக ஏற்றாது என்பது சரி, அந்த நெய் உடம்பில் சேரும் என்பதும் சரி.

இன்சுலின் ஏறினாலே எடை கூடும் என்றால் மீனும் மாட்டிறைச்சியும் நம்மைக் குண்டாக்க வேண்டும். 1997-இல் ஆஸ்திரேலியாவில் சூசன் ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளைச் சாப்பிடக் கொடுத்து இன்சுலினை அளந்தார்கள். மாவுச்சத்தே இல்லாத மீனும் இறைச்சியும் கூட இன்சுலினை நன்றாகவே ஏற்றின. இப்போது பேசப்படும் செமாகுளுடைட் ஊசியையும் பாருங்கள். சாப்பிட்ட பிறகு இன்சுலின் சுரப்பைக் கூட்டும் மருந்து அது. ஆனாலும் போட்டுக்கொள்பவர்களுக்கு எடை இறங்குகிறது. காரணம், பசி குறைந்து தட்டில் சாப்பாடு மிஞ்சுவது.

இந்த இரண்டு கட்சிகளையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு தொடர்ந்தது. முடிவு 2018-இல் வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரி 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோவும் இறங்கின. அந்த வித்தியாசம் பெயருக்குத்தான். யாருக்கு இன்சுலின் அதிகம் சுரக்கிறது என்று முன்கூட்டியே அளந்து வைத்திருந்தார்கள். எந்த முறை யாருக்குப் பலிக்கும் என்று சொல்ல அந்த அளவு உதவவில்லை. எதிர்ப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆண்டு டேவிட் லுட்விக் குழு, மாவுச்சத்து குறைந்த உணவில் இருந்தவர்கள் நாளுக்கு 200 கலோரி போலக் கூடுதலாகச் செலவழித்தார்கள் என்று எழுதியது. அளந்த முறை பற்றி வாதம் நீண்டது, நான் அதை நம்பி யாருக்கும் தட்டு போட்டுத் தருவதில்லை. அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழகத்தில் கெவின் ஹால் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. மாவுச்சத்து குறைந்த உணவில் இருந்த இரண்டு வாரங்களை விட, கொழுப்பு குறைந்த தாவர உணவைச் சாப்பிட்ட இரண்டு வாரங்களில் அவர்களுக்கு இன்சுலின் அதிகம் ஏறியது, ஆனாலும் வயிறாரச் சாப்பிட்டே நாளுக்கு ஏறத்தாழ 690 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்.

உங்களுக்கு இதையெல்லாம் விட நெருக்கமானது பிரிட்டனில் நடந்த டைரெக்ட் ஆய்வு. இனிப்பு நீர் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களுக்கு, மாத்திரைகளை நிறுத்திவிட்டு, மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் பானமாகக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துக் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. 15 கிலோ குறைத்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கும் மேல். அந்தப் பானத்தின் கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வந்தது. ஈரலிலும் கணையத்திலும் அடைந்திருந்த கொழுப்பு வெளியேறியதுதான் மருந்தாக வேலை செய்தது. மருத்துவர் மேற்பார்வையில் நடந்தது அது, வீட்டில் செய்து பார்க்காதீர்கள். நான்கு வருட நோய் உங்களுக்கு. இன்னும் சில கிலோ இறங்கினால் என்ன நடக்கக்கூடும் என்பதற்காகச் சொன்னேன். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியரில் 31.4 விழுக்காடு. நமக்கு மெலிந்த உடம்பிலும் வயிற்றுக்குள் கொழுப்பு அடையும் வழக்கம் உண்டு. அதனால் எடையோடு இடுப்பளவையும் எழுதி வையுங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

சரி, உங்கள் எடை ஏன் நின்றது? முதல் மாத 4 கிலோவில் கணிசம் தண்ணீர். மாவுச்சத்து குறைந்ததும் தசையிலும் ஈரலிலும் இருந்த கிளைக்கோஜன் தீர்கிறது, அதன் ஒவ்வொரு கிராமோடும் ஒட்டியிருந்த மூன்று கிராம் போலத் தண்ணீரும் போகிறது. அது ஒருமுறைதான் நடக்கும். அடுத்தது கடலை. உள்ளங்கை நிறைய அள்ளினால் 30 கிராம், 170 கலோரி. லோரிக்குள் டப்பா திறந்திருந்தால் கிள்ளானுக்கும் செந்தூலுக்கும் நடுவே கை மூன்று முறை போவது தெரியாது. 500 ஆயிற்று. கோப்பியில் ஒரு மேசைக்கரண்டி நெய், 120. நீங்கள் தட்டிலிருந்து எடுத்துவைத்த பாதிச் சோறு, ஒரு கிண்ணம் என்று வைத்தால், 200. கொடுத்ததை விட வாங்கியது மூன்று மடங்கு. கடலை கெட்ட பண்டமில்லை, உண்மையில் நான் பலருக்கும் எழுதிக் கொடுப்பதுதான். டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு ஒரு கைப்பிடியைச் சின்னப் பையில் கட்டி எடுத்துப் போங்கள்.

மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள்: கணக்கு சரி, வாங்கும் பண்டம் சரியில்லை. பிஸ்கட்டும் கப் மீயும் வாயில் கரைந்து வயிற்றில் நிற்காமல் போகும். அதே கெவின் ஹால் 2019-இல், தொழிற்சாலையில் தயாராகும் உணவையும் வீட்டுச் சமையல் போன்ற உணவையும் ஒரே அளவு சர்க்கரை, கொழுப்பு, நார் இருக்கும்படி பரிமாறி, வேண்டிய மட்டும் சாப்பிடச் சொன்னார். தொழிற்சாலை உணவில் நாளுக்கு 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. மனைவியின் சாயங்காலப் பசி மன உறுதி சம்பந்தப்பட்டதே இல்லை. பாவம், புரதம் இல்லாமல் எட்டு மணி நேரத்தைத் தள்ளுகிறார். காலையில் இரண்டு முட்டையோடு ஒரு தோசை, மதியம் கெம்போங் மீனோ தெம்பேயோ (புளிக்கவைத்த சோயா), கை நிறையக் கீரையோடு கொஞ்சம் சோறு. எண்ணிக்கையை 1,200-லிருந்து 1,400 போல ஏற்றிக்கொள்ளட்டும். எடை மெதுவாக இறங்கும், ஆனால் வீட்டில் பேச்சு இருக்கும்.

காலை உணவுக்கு நீங்கள் மாமாக் கடையில்தான் நிறுத்துவீர்கள், அதனால் அதையும் பார்த்துவிடுவோம். ரொட்டி சானாய் வீசுபவர் பக்கத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். மாவு உருண்டைகள் எண்ணெயில் மினுங்கியபடி தட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கண்ணாடி மாதிரி விரிந்ததும் மேலே ஒரு தெளிப்பு, மடித்துக் கல்லில் போட்டதும் ஓரத்தில் இன்னொரு தெளிப்பு. கொசோங் (உள்ளே எதுவும் வைக்காத வெறும் ரொட்டி) ஒன்றே 300 கலோரி போல. பிறகு தே தாரிக். கண்ணாடியின் அடியில் டின்பால் ஊற்றுவதை எண்ணுங்கள், ஒரு மேசைக்கரண்டிக்கு 65 கலோரி, அதில் 11 கிராம் சர்க்கரை. கிளினிக்கில் ஒரு பெரியவர் "கொஞ்சமாகத்தான் ஊற்றுவேன்" என்றார். டின்னைக் கையில் கொடுத்து, வழக்கம்போல் ஊற்றுங்கள் என்றேன். அளந்தால் மூன்று கரண்டி. நாளுக்கு மூன்று முறை குடிப்பவர். அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது, அன்றிலிருந்து பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கொசோங்தான். நீங்கள் சப்பாத்தி ஒன்று, பருப்பு, அவித்த முட்டை இரண்டு, தே ஓ கொசோங் என்று சொல்லிப் பழகுங்கள். நாசி கண்டாரில் கூவா பாஞ்சிர், அதாவது சோறு மூழ்கக் குழம்பு, கேட்காதீர்கள். குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வாங்கினால் எண்ணெய் மேலே மிதப்பது கண்ணுக்குத் தெரியும். சுகாதார அமைச்சு சொல்லும் சுக்கு சுக்கு செப்பாரோ, அதாவது கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் அல்லது கோழி, பாதித் தட்டு காய்கறி, லோரி ஓட்டுநருக்குக் கைப்பேசிக் கணக்கை விடச் சுலபம். காயையும் மீனையும் முதலில் முடித்துவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்திய சர்க்கரை ஏற்றமும் தணியும்.

பாசுமதி விஷயம். சாதாரண வெள்ளை அரிசியை விடப் பல பாசுமதி வகைகள் சர்க்கரையைக் கொஞ்சம் மெதுவாக ஏற்றும். உங்கள் கணையத்துக்கு அது நல்லதுதான். கலோரி ஏறக்குறைய அதேதான், ஆகவே முழுத் தட்டு கிடையாது, அதே பாதிதான். உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்று நீங்களே பார்க்கலாம். ஒரு நாள் பழைய அரிசி, ஒரு நாள் பாசுமதி, இரண்டு நாளும் ஒரே அளவு, ஒரே கறி. சாப்பிடுவதற்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் விரலில் குத்திச் சோதித்து எழுதுங்கள். லோரியில் கை நடுங்கிய நாள் ஏதும் இருந்தால் அந்தத் தேதியையும், அன்று கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதி, கிளினிக்கிற்குப் போகும்போது மருத்துவரிடம் கொடுங்கள்.