கடல் மீன்கள் ஏன் ஒவ்வொன்றும் ஒரு வடிவில் இருக்கின்றன?

வேலூர் மீன் மார்க்கெட்டில் ஐஸ் மேல் கிடக்கும் சூரை உருண்டு திரண்டிருக்கும், வவ்வால் தட்டை, வாளையோ நீண்டு ஒல்லி. உடல் வடிவம் என்பது மீன் பிழைக்கும் விதத்துக்கேற்ற உடற்கட்டு.

காரணம் தண்ணீர்தான். காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. வாளித் தண்ணீரில் உள்ளங்கையை விரித்துத் தள்ளுங்கள், கனக்கும். பக்கவாட்டில் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் நெடுந்தூரம் விரைந்து நீந்தும் சூரைக்கு இரு முனையும் கூம்பிய உடம்பு. முதுகின் முன்துடுப்பைக்கூட ஒரு பள்ளத்துக்குள் மடக்கிக்கொள்ளும் (கடைக்காரர் முறைக்காவிட்டால் விரலால் நிமிர்த்திப் பாருங்கள்). பக்கவாட்டில் ஒடுங்கிய வவ்வால் சட்டென வளைந்து திரும்பும்.

தட்டை மீனெல்லாம் ஒரே வகை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் திருக்கை வயிற்றை மணலில் வைத்துப் படுக்கும், நாக்குமீனோ ஒருக்களித்துப் படுக்கும், குஞ்சிலேயே அதன் ஒரு கண் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிடும்.