பணி அனுமதிக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை

அன்புச் சகோதரிக்கு,

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன நிலையில், மேற்பார்வையாளர் அடிக்கடி தோளில் கை வைப்பதையும் இரவில் வேலைக்குத் தொடர்பில்லாத செய்திகள் அனுப்புவதையும் எழுதி, பணி அனுமதி அந்த ஒரே முதலாளியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் வாய் திறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் திறக்கலாம். இதைத் தடுக்கும் கடமை முதலாளியுடையது. தமக்கு எதுவும் தெரியாதென்று அவர் பின்னால் சொல்ல இடமில்லாதபடி எழுத்தில் அறிவித்துவிடுவது உங்கள் கையில் இருக்கிறது.

இந்த மாகாணத்தின் தொழில்சார் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பணியிடப் பாலியல் தொல்லையைத் தனியாகவே வரையறுத்தது. எதிரிலிருப்பவர் விரும்பவில்லை என்று தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ ஒருவர் தொடர்ந்து பேசுவதும் நடந்துகொள்வதும் அதில் அடங்கும் என்பதால், வேடிக்கைக்குச் சொன்னேன் என்ற சமாதானம் எடுபடாது.

ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இதற்கான கொள்கை எழுத்தில் இருக்க வேண்டும். அது தொழிலாளர் எளிதில் பார்க்கும்படியும் இருக்க வேண்டும். பல இடங்களில் ஓய்வறைச் சுவரில், மற்ற பாதுகாப்பு அறிவிப்புகளுக்கு நடுவே, யாரும் படிக்காமல் தொங்கும் தாள் அதுதான். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொல்லை தருபவர் மேற்பார்வையாளராகவோ முதலாளியாகவோ இருந்தால் வேறு யாரிடம் முறையிடுவது என்பதையும் நிறுவனம் வகுத்திருக்க வேண்டும். உங்கள் கடிதம் அப்படிக் குறிப்பிடப்பட்டவருக்கே போகட்டும்.

கடிதத்தில் நாள், நேரம், இடம், மேற்பார்வையாளர் சொன்ன சொற்கள், அருகில் இருந்தவர் யார் என்பன வர வேண்டும். "முறைகேடாக நடந்தார்" என்று எழுதினால் எளிதில் மறுத்துவிடுவார்கள். "செவ்வாய் மாலை பொதி கட்டும் மேசையருகே பின்னால் வந்து தோளில் கை வைத்தார், வேண்டாம் என்று விலகினேன், சிரித்துவிட்டு மறுபடி வைத்தார்" என்று எழுதினால் விசாரிப்பவருக்கு அதைத் தட்டிக்கழிப்பது கடினம். இரவுச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். குறிப்புகளின் பிரதி நிறுவனத்தின் கணினியில் அல்லாமல் உங்கள் சொந்த மின்னஞ்சலில் இருக்கட்டும்.

முறைப்பாடு கிடைத்தபின் விசாரித்து, முடிவையும் எடுத்த நடவடிக்கையையும் உங்களுக்கு எழுத்தில் தருவது முதலாளியின் சட்டக் கடமை. அவர் அசையாவிட்டால் தொழில் அமைச்சிடம் முறையிடலாம். முதலாளியின் செலவிலேயே பக்கச்சார்பற்ற ஒருவரைக் கொண்டு விசாரிக்கும்படி உத்தரவிட அமைச்சின் ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. சட்டப்படி உங்கள் உரிமையைக் கேட்டதற்காக வேலையை விட்டு நீக்குவதோ மிரட்டுவதோ குற்றமாகும். மனித உரிமைகள் தீர்ப்பாயத்துக்குப் போவதானால், கடைசிச் சம்பவத்திலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பியுங்கள். அதற்கு மனித உரிமைகள் சட்ட உதவி மையம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. வங்கி, விமானம், தொலைத்தொடர்பு போன்ற துறைகள் மத்திய அரசின் சட்டத்தின் கீழ் வருவதால் அங்கே நடைமுறை வேறு.

உங்கள் பெரிய அச்சம் அனுமதியைப் பற்றியது. ஒரே முதலாளிக்குரிய அனுமதியில் இருந்து துன்புறுத்தலுக்கு ஆளாகிறவர், அல்லது ஆளாகும் ஆபத்தில் இருக்கிறவர், எந்த முதலாளியிடமும் வேலை செய்யக்கூடிய திறந்த பணி அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வழி 2019 ஜூனிலிருந்து கனடாவில் இருக்கிறது. பாலியல் தொல்லையும் அதில் சேரும். விண்ணப்பக் கட்டணம் இல்லை. கைவசம் உள்ள அனுமதி செல்லுபடியாகும்போதே, நாட்டுக்குள் இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் நாளைக் கடத்தாதீர்கள். நீங்கள் சேர்த்து வைக்கும் குறிப்புகளும் செய்திகளும் இங்கேயும் சான்றாகும்.

"நம்மவர் கடைதானே, வேலை கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கலாமா, பொறுத்துப் போ" என்று அறிவுரை சொல்ல நம் சமூகத்திலேயே ஆட்கள் வருவார்கள். முதலாளி தமிழர் என்பதற்காகச் சட்டம் தளராது. அந்த அறிவுரையைக் கேட்டு ஒதுங்கிய பெண்களின் இடத்துக்கு அடுத்து வருகிறவளும் அதே தொல்லையைத்தான் அனுபவிக்கிறாள் என்பதால், இப்படிச் சொல்பவர்கள்மீது எனக்குக் கோபமே வருகிறது. மேற்பார்வையாளர் பலவந்தமாகத் தொட்டாலோ வழிமறித்தாலோ நிறுவனத்தின் விசாரணைக்குக் காத்திருக்காமல் உடனே அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள்.